அண்ணன் பாடி வைத்த டிராக்

அண்ணனின் பாட்டுக் குரலை முதன்முதலாகக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் அண்ணன் குடியிருந்த ஒரு கடைவீட்டின் மாடியில், சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை ஆணி அடித்து மாட்டிய சின்ன அறையில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு வியர்த்து வழிய நின்றிருந்தேன். மின்விசிறி ஓடினால் மைக்கில் சத்தம் விழும் என்று அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். பாட்டுக்காரர்கள் எல்லாரும் அண்ணன் என்று கூப்பிடுகிற அவருடைய பாட்டு வானொலியில் வந்தால் எங்கள் தொழிற்சாலை வேனில் யாரும் பேச மாட்டோம். அப்படிப்பட்ட பாட்டுகளை எழுதி, மெட்டும் போட்டு, பதிவும் செய்கிற மனிதருக்குக் குரலும் அதற்கேற்றாற்போல இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் வந்ததோ, மூக்கடைத்துத் தூங்கி எழுந்தவர் பாடுகிற குரல். சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. குரல்தான் கரகரவென்று இருந்தது. எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம், சிரிப்பை அடக்கவும் தெரியாது.

அதற்கு எங்கள் தொழிலில் டிராக் என்று பெயர். மெட்டுப் போட்டவர் முதலில் தாமே பாடிப் பதிவு செய்து வைப்பார். பாடகர் அதைக் காதில் கேட்டுக்கொண்டே மைக்கின் முன்னால் நின்று பாடுவார். எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். பாடகரின் குரல் ஒழுங்காகப் பதிவாகிவிட்டால் டிராக்குக்கு வேலை முடிந்தது. அதை அழித்துவிடலாம், விட்டும் வைக்கலாம். பெரும்பாலான இடங்களில் அது பாட்டுக்கு ஒரு மூலையில் கிடக்கும். அண்ணனிடம் மட்டும் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. பதிவு முடிந்ததும், அன்றைக்கே, தேநீர் குடிப்பதற்கு முன்னால், டிராக்கை அழித்தாக வேண்டும்.

நான் சிரித்ததற்கு அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, நான் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சொன்னார்: “என் டிராக்கு சாரம் மாதிரி மா. கட்டடம் எழும்புனதும் சாரத்த அவுத்துடணும். இல்லாட்டி வர்றவன் சாரத்தத்தான் பாப்பான்.” சிறுவயதில் பாகான் டாலாம் கோயில் திருவிழாவில் ஒரு தடவை மேடையேறிப் பாடினாராம். கூட்டம் சிரித்ததாம். அதைப் பல வருடம் கழித்துத்தான், அதுவும் போகிற போக்கில், என்னிடம் சொன்னார். முதல் நாள் நான் சிரித்ததை அவரும் மறந்திருக்க மாட்டார், நானும் மறக்கவில்லை. ஆனால் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

பதிவு முடிந்ததும் அவர் கேட்கிற ஒரே கேள்வி, “அழிச்சாச்சா?” என்பதுதான். ஆச்சு என்று பதில் வந்த பிறகுதான் எழுந்து தேநீருக்குக் குரல் கொடுப்பார். இந்தத் தீவில் பாட்டுப் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கேள்வி தெரியும். கல்யாணத்தில் சாப்பிட்டு இலையை மடிக்கும்போதுகூட ஒருவரை ஒருவர் பார்த்து, “அழிச்சாச்சா?” என்று கேட்டுச் சிரிப்போம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

துறைமுகக் கிடங்கில் கணக்கராக இருந்து சம்பாதித்ததை அந்த மெத்தை அறையில் போட்டவர் அவர். எங்களில் பாதிப்பேரைப் பாடகர் என்று ஊருக்குச் சொன்னவரும் அவர்தான். நான் பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சில்லு பரிசோதிக்கிறவள். பூதக்கண்ணாடியில் குறை தேடுவதுதான் என் வேலை. அப்படிப்பட்டவளைப் பிடித்து, மூன்று மாதம் மற்றவர்களுக்குப் பின்னால் வெறும் கோரஸ் பாடவைத்து, நான்காவது மாதம் எனக்கென்று ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். தபேலாவுக்குப் பதில் கம்ப்யூட்டர் தாளம் போட்டால் செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால், “பாய் இருக்கும்போது பெட்டி எதுக்கு லா?” என்பார். தபேலா பாய்க்கு ஜார்ஜ்டவுனில் மசாலாக் கடை. கடையை மூடிவிட்டு வந்து சேரும்வரை அண்ணன் பொறுமையாகக் காத்திருப்பார். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. என் அம்மா இறந்தபோது வந்து நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தவரை, வாடகைக் கடை ஆள் என்று நினைத்து என் சித்தப்பா அதட்டினார். அவர் பாட்டுக்கு நாற்காலியைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருந்தார்.

கடைசி ஐந்தாறு வருடங்களாகச் சர்க்கரையால் அவருக்குக் கண் மங்கிவிட்டது. திரையில் இருப்பது தெரியாது. அதனால் பாடுவதோடு, கம்ப்யூட்டரில் பதிவு செய்வது, வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் என் கைக்கு வந்தது. அழிப்பதும்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார், நான் அழித்துவிட்டு ஆச்சு என்பேன். எத்தனை பாட்டு, எத்தனை டிராக் என்று கணக்குச் சொல்ல எனக்குத் தெரியாது. பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைப்பதுபோல அது என் கையோடு ஒட்டிப்போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தவர், தராசுப் பக்கம் அப்படியே சாய்ந்தார். மருத்துவமனைக்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயது. மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. பாலிக் புலாவிலிருந்து, அக்கரையிலிருந்து, எங்கெங்கிருந்தோ பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் வந்துவிட்டார்கள். தேவாரம் பாட வேண்டிய நேரம் வந்தபோது அத்தனை பாட்டுக்காரர்களில் ஒருவருக்கும் வாய் எழும்பவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கீழ் வீட்டு அக்கா ஒருவர், சுருதி என்றால் என்னவென்று அறியாதவர், கணீரென்று ஆரம்பித்தார். சுவரோரம் உட்கார்ந்திருந்த தபேலா பாய் தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார். அவருடைய வலதுகை விரல்கள் மட்டும் தொடையின்மேல் அந்த அக்காவின் தாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தன. அவருக்கே அது தெரியாது. நானும் அந்த நேரத்தில், அக்கா அரைச் சுருதி கீழே பாடுகிறார் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் சாதியே அப்படித்தான், எழவு வீட்டிலும் காதைக் கழற்றி வைக்கத் தெரியாது.

மின்சுடலையிலிருந்து திரும்பிய மறுநாள் கீபோர்ட் வாத்தியார் கம்ப்யூட்டரைத் திறந்தார். அவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர், அண்ணனோடு முப்பது வருடம் வாசித்தவர். உள்ளே முடியாத பாட்டு ஒன்று கிடந்தது. படகுத்துறையில் காத்திருக்கும் ஒரு பெண் பாடுவதுபோன்ற பாட்டு. கீபோர்ட் போட்டாகிவிட்டது. தபேலாவுக்கு இடம் விட்டிருந்தது. பதிவுப் பொத்தானைத் தடவித் தெரிந்துகொண்டு அண்ணன் தாமே டிராக் பாடி வைத்திருந்தார். அடுத்த வாரம் நான் வந்து பாட வேண்டியது. இரண்டாம் சரணத்தில் இரண்டு வரி எழுதவில்லை போலிருக்கிறது, அந்த இடத்தில் தந்தன தானா என்று பாடிவிட்டுப் போயிருந்தார். நடுவில் ஓரிடத்தில் பாட்டை நிறுத்தாமலே, “இங்க மூச்சு விடாத மா” என்று எனக்குச் சொல்லியிருந்தார். வாத்தியார் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் கருமாதிக்குள் இந்தப் பாட்டை முடித்து, வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவது என்று மூவரும் முடிவு செய்தோம். அண்ணிக்கும் சொன்னோம். சரி என்று தலையாட்டினார். அண்ணி அதிகம் பேசுகிறவர் அல்ல. பாட்டுக்காரர்கள் வந்தால் தேநீர் வரும், சாப்பாட்டு நேரமானால் சோறு வரும், அவர் வரமாட்டார். கூடத்துக்கு அப்பால் அடுப்படியிலேயே இருப்பார். இருபத்திரண்டு வருடத்தில் அந்த மெத்தை அறைக்குள் அவரை நான் பார்த்ததே இல்லை. அவருக்குப் பாட்டில் நாட்டமில்லை என்று நாங்களே தீர்மானித்து வைத்திருந்தோம்.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, பதிவுக்கு உட்கார்ந்தோம். எழுதாத இரண்டு வரியை என்ன செய்வது என்று முதலில் சண்டை. தாமே எழுதிவிடுவதாக வாத்தியார் சொன்னார். அண்ணன் இடத்தில் கை வைக்காதே என்று பாய் கத்தினார். வாய்க்கு வந்தபடி ஒருவரை ஒருவர் ஏசிக்கொண்டார்கள், பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கடைசியில் அந்த இரண்டு வரிக்கு நான் வெறும் முனகலாகப் பாடுவது என்று முடிவாயிற்று. பாய் வாசித்து முடித்தார். நான் ஹெட்போனை மாட்டினேன். காதுக்குள் அண்ணன் பாட ஆரம்பித்தார்.

முதல் இரண்டு தடவை அழுகையில் பாட்டு நின்றுபோயிற்று. மூன்றாவது தடவை அழுகை ஒதுங்கிக்கொண்டது. வேலை என்று இறங்கிவிட்டால் எனக்கு அப்படித்தான் ஆகும். இந்தச் சொல் தெளிவில்லை, இந்த இழுப்பு நீளம் என்று குறை தேடத் தொடங்கிவிட்டேன். அதன்பிறகு காதில் பாடுகிறவர் இறந்துபோனவர் என்பதே என் நினைவில் இல்லை, டிராக் ஓடுகிறது, அவ்வளவுதான். ஏழாவது தடவை பாட்டு நன்றாக வந்தது. எனக்கே தெரிந்தது, என் வாழ்க்கையில் நான் அவ்வளவு நன்றாகப் பாடியதில்லை என்று. வாத்தியாரும் பாயும் கைகூப்பினார்கள். நான் வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். டிராக்கைத் தேர்ந்தெடுத்தேன், அழித்தேன். பயன்படாத பதிவுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து அடியோடு நீக்கவா என்று திரை கேட்டது. எப்போதும்போல ஆமாம் என்றேன். சேமித்தேன். பிறகு மற்ற வேலைகள், கலப்பது, மெருகேற்றுவது என்று மாலைவரை அதே கம்ப்யூட்டரில் மேலே மேலே பதிந்து சேமித்துக்கொண்டிருந்தேன். முடித்து எழுந்தபோது பாய், “அண்ணே இருந்தா என்ன கேப்பாரு தெரியுமா?” என்றார். மூவரும் லேசாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே, “அழிச்சாச்சு” என்று நான்தான் சொன்னேன்.

சொன்ன பிறகும் எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்று பேருக்கும் சேர்த்து எண்பது வருடத்துக்குக் குறையாத அனுபவம். அண்ணன் பேசிய குரல் எங்கள் கைப்பேசிகளில் கொட்டிக் கிடந்தது. பஸ்ஸில் ஏறிவிட்டேன், பாயிடம் சொல்லிவிடு, வரும்போது ரொட்டி வாங்கி வா என்று எத்தனையோ. அவர் பாடியது எங்கும் இல்லை. மேடையில் பாடியதில்லை, வீட்டு விசேஷத்தில் பாடியதில்லை. பாடியதெல்லாம் டிராக், டிராக்கெல்லாம் அழிந்துவிட்டது. உலகத்தில் மிஞ்சியிருந்த ஒன்றையும் ஒரு விரலால் நான் துடைத்துப் போட்டேன்.

கருமாதியன்று மண்டபத்தில் பாட்டைப் போட்டோம். வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர்கள்தான் அதிகம். அண்ணி அழவில்லை. கூட்டம் சாப்பிடப் போன பிறகு, தட்டில் கேசரியோடு என் பக்கம் வந்து உட்கார்ந்தார். நல்லா பாடியிருக்கே என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அவரு பாடுனது இருக்கும்ல, டிராக்கு. அத ஒரு தடவ எனக்குப் போட்டுக் காட்டு மா. இத்தன வருஷமா கதவுக்கு வெளிய நின்னுதான் கேட்டிருக்கேன். நான் வந்தா நிறுத்திருவாரு, கூச்சம். ஒரு தடவ கதவு இல்லாம கேக்கணும்.”

அந்தப் பாட்டு தமக்காக எழுதியது என்றும் சொன்னார். கல்யாணமான புதிதில், அண்ணன் அக்கரையில் வேலை முடித்து வருவார் என்று அண்ணி தினமும் சாயங்காலம் படகுத்துறையில் போய் நிற்பாராம். கல்யாணம் பேசி முடித்த பெண்போலக் கூச்சத்தோடு சொன்னார். நான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற வாத்தியார் என் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்கிற பிள்ளையைத் தினமும் பிடிக்கிற மனிதர், அன்றைக்குத் தாமே ஒரு பொய்யை எடுத்துப் போட்டார். “கம்ப்யூட்டர் ரோசாக் ஆயிடுச்சு அண்ணி. பாட்டு மட்டும்தான் தப்பிச்சுச்சு.”

கெட்டுப்போன பொருளுக்கு இங்கே எல்லாரும் சொல்கிற சொல் அது. அண்ணி நம்பிவிட்டார். அப்படியா என்றார், கேசரியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார். நானும் நம்பினேன், இதோடு போயிற்று என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று தெரிந்தேதான் நம்பினேன். ஆனால் ரோசாக் ஆன பொருளைக் கடையில் கொடுத்துப் பழுது பார்க்கலாம் என்று ஒரு குடும்பத்துப் பெண்ணுக்குத் தோன்றாமல் போகுமா? எங்கள் மூவருக்கும் அது தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை பாய் கடையிலிருந்து போனில் கூப்பிட்டார். அண்ணி ஒரு சந்தை வண்டியை இழுத்துக்கொண்டு தம் கடையைக் கடந்து போனதாகவும், என்னவென்று கேட்டதற்கு, கம்ப்யூட்டரைச் சரிசெய்யக் கொண்டுபோவதாகச் சொன்னதாகவும், இது மூன்றாவது கடையாம் என்றும் சொன்னார். ஆயர் ஈத்தாமிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். “நீ சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லிரவா?” என்று கேட்டார். பிறகு, “என்னால முடியாது தங்கச்சி,” என்று அவரே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் போனபோது அண்ணி பஸ் நிறுத்தத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெயில். காய்கறி வாங்கப் போகிற அந்த இரண்டு சக்கர வண்டியில் கம்ப்யூட்டர் பெட்டி நின்றிருந்தது. அடிபடக் கூடாது என்று அண்ணனின் கைலியால் சுற்றி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்ததும் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். கடைக்காரப் பையன்கள் மூன்று பேரும் ஒன்றையே சொன்னார்களாம். இதில் ஒன்றும் பழுதில்லை, யாரோ அழித்திருக்கிறார்கள், அழித்த இடத்தின் மேலேயே வேறு பதிவாகிவிட்டது, இனி எடுக்க முடியாது. “அவனுங்களுக்குத் தெரியல போலருக்கு. பட்டர்வொர்த்துல ஒரு கடை இருக்காம். திங்கக்கெழம போறேன்,” என்றார். அவர் வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா, உண்மையிலேயே நம்பித்தான் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் வண்டியை வாங்கி பஸ்ஸில் ஏற்றினேன். பெட்டி ஆடாமல் என் முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்து, அதை மெத்தை அறையில் அதன் இடத்தில் வைத்து, கைலியை அவிழ்த்து மடித்த பிறகு சொன்னேன். பதினோராம் நாள், ஏழாவது தடவை, அழித்தது நான்தான் என்று. ரோசாக் ஆகவில்லை என்று. கைப்பழக்கம் என்று சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது. அடிப்பார், ஏசுவார், காலில் விழலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி வாசல்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் இருக்கும்போது முதல்முறையாக உள்ளே வந்தார். பாடகர் நிற்கும் இடத்தில் ஒரு முக்காலி உண்டு, அதில் உட்கார்ந்து சுவரில் மாட்டிய மெத்தையைக் கையால் தடவிப் பார்த்தார். அது தம் கல்யாணத்துக்கு அப்பா வீட்டில் கொடுத்த மெத்தை என்றார்.

“ஒனக்குக் காதுக்குள்ளயே பாடியிருக்காரு,” என்றார் பிறகு. “இருவத்தி ரெண்டு வருஷம். எனக்கு ஒரு தடவ இல்ல.”

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை, தேற்ற வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அந்தப் பாட்டு இன்று வானொலியில் வருகிறது. மேடையில் பாடச் சொல்கிறார்கள். இத்தனை வருடம் பாடியதில் கிடைக்காத பெயர் அந்த ஒரு பாட்டில் எனக்குக் கிடைத்திருக்கிறது. மாசு மருவற்ற பதிவு என்று பாராட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்த மத்தியானம் முக்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணியின் முகம்தான் வருகிறது. தொழிற்சாலை வேனில் அந்தப் பாட்டு வந்தால், தலைவலி என்று சொல்லி வேறு அலைவரிசைக்கு மாற்றச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மத்தியானம் நான் அழுது முடித்ததும் அண்ணி கேட்டார்: “நீ ஏழு தடவ கேட்டிருக்கல்ல. அவரு பாடுன மாதிரி பாடிக் காட்டு.”

பாடினேன். இரண்டு வரி போனதும் நிறுத்தச் சொன்னார். “இது ஒன் பாட்டு. அவரு பாடுனதப் பாடு.” தொண்டையை இறுக்கிக் கரகரப்பாகப் பாடிப் பார்த்தேன். முன்பு வேனில் தோழிகளைச் சிரிக்கவைக்க அவரைப்போலப் பாடிக் காட்டியதுண்டு. அந்தக் கேலிக் குரல்தான் வந்தது, வெட்கமாகப் போயிற்று. இன்னொரு தடவை முயன்றேன். சுருதி தானாகச் சரியான இடத்தில் போய் உட்கார்ந்தது, சொல் தெளிவாக விழுந்தது, மூச்சு நான் பழகிய இடத்திலேயே வந்தது. அண்ணி தலையை அசைத்துக்கொண்டே இருந்தார். கரையில என்கிற சொல்லுக்கு வந்தபோது கையைத் தூக்கினார்.

“அந்த எடத்துல இருமுவாரு. இருமிட்டுத்தான் மேல போவாரு. எத்தன தடவ பாடுனாலும் அங்க இருமல் வந்துரும். அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே இருப்பேன், இந்தா இப்ப வரும்னு.”

எனக்கு அப்படி ஓர் இருமல் நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஏழு தடவை என் இரண்டு காதுக்குள்ளும் அவர் இருமியிருக்கிறார். மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தையெல்லாம் தள்ளிவிடப் பழகிய காது இது. இந்த டிராக்கை நான் விரலால் அழித்தது பதினோராம் நாள்தான். அவர் குரலைக் காதால் முதல் நாளிலிருந்தே அழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மறுபடி தொடங்கி, கரையில என்று பாடி, நிறுத்தி, இருமினேன்.

“அவ்ளோ பெருசா இல்ல. கையால வாயப் பொத்திக்கிட்டு.”

கையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினேன். அண்ணி முக்காலியை விட்டு எழுந்தார், வெளியே போனார், கதவைச் சாத்தினார். காலடிச் சத்தம் அடுப்படிவரை போய் நின்றது.

“இப்பப் பாடு,” என்றார் அங்கிருந்து.